‘அப்போலோ 18’ போன்ற விண்வெளித் திகில் படங்களைப் பிள்ளைகள் பார்க்கலாமா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியதிலிருந்து, கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் நான் அறிவியல் கற்பிக்கும் பள்ளியின் பிள்ளைகளுக்கு நிலவைப் பற்றிய எதுவும் விருப்பமான பேச்சாகிவிட்டது. அந்த விருப்பத்தின் வழியாகவே, 2011இல் வெளிவந்த ‘அப்போலோ 18’ என்ற ஆங்கிலத் திகில் படமும் அவர்களுடைய வீட்டுக் கைப்பேசிகளுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பெற்றோர் கூட்டங்களிலும், கோயில் கொடையிலும், ஆலயத் திருவிழாவிலும் என்னைச் சந்திப்பவர்கள் இந்தப் படத்தைப் பற்றியும் இதே வகையைச் சேர்ந்த பிற படங்களைப் பற்றியும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். முடிவு எடுக்க வேண்டியவர்கள் பெற்றோர் என்பதால் கதையின் முடிவையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

படத்தின் கதை என்ன?

1974ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மூன்று விண்வெளி வீரர்களை ரகசியமாக நிலவுக்கு அனுப்பியதாகவும், அவர்கள் அங்கே எடுத்த படச்சுருள்கள் பல ஆண்டுகளுக்குப் பின் வெளியே கசிந்ததாகவும் படம் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஒருவர் சுற்றுப்பாதையில் காத்திருக்க, மற்ற இருவர் இறங்குகிறார்கள். அங்கே சோவியத் நாட்டின் கலம் ஒன்றும், இறந்து கிடக்கும் அந்நாட்டு வீரர் ஒருவரின் உடலும் அவர்கள் கண்ணில் படுகின்றன. கற்களைப் போலக் கிடப்பவை உண்மையில் நண்டையும் சிலந்தியையும் ஒத்த உயிர்கள் என்பது மெல்ல மெல்லத் தெரியவருகிறது. வீரர்களில் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டு, உடலும் மனமும் குலைகின்றன. தொற்றுக்கு அஞ்சித் தரைக்கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ள மறுக்கிறார்கள். மூவரில் ஒருவரும் உயிருடன் பூமிக்குத் திரும்புவதில்லை. படத்தின் நீளம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

பேய்க் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தானே, இந்தப் படத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

இந்தக் கேள்வியை முப்பந்தல் பக்கத்துப் பாட்டி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் இசக்கியம்மன் கதையையும் சுடலைமாடன் கதையையும் கேட்டு வளர்கிறார்கள். கொலையும் பழிவாங்கலும் நிறைந்த அந்தக் கதைகளை, நள்ளிரவில், கோயில் முற்றத்தில் கேட்டவர்கள் நாமெல்லாம். ஆனால் அவற்றைச் சொல்லும் வில்லுப்பாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. புலவர் காப்புப் பாடி, சொல்லப்போகும் பொருளை அறிவித்து, அவையடக்கம் கூறிய பிறகே கதைக்குள் நுழைகிறார். எவ்வளவு கொடூரமான கதையானாலும் கேட்டவர்களையும் ஊரையும் வாழ்த்தும் வாழிப்பாடலோடுதான் முடிக்கிறார். அச்சத்துக்குள் போகும் வாசலும் வெளியே வரும் வாசலும் பிள்ளைக்குக் கண்ணெதிரே தெரிகின்றன. பாட்டியின் மடியோ அப்பாவின் தோளோ பக்கத்திலேயே இருக்கிறது.

யாரோ எடுத்த பதிவு பிற்பாடு கிடைத்ததைப் போலக் காட்டும் ‘கண்டெடுத்த காட்சிப்பதிவு’ என்ற பாணியில் எடுக்கப்படும் படங்கள் அந்த இரண்டு வாசல்களையும் வேண்டுமென்றே அடைத்துவிடுகின்றன. ‘இது கதை’ என்று உணர்த்தும் பின்னணி இசை, நட்சத்திர நடிகர்களின் தெரிந்த முகம், ஒழுங்கான ஒளியமைப்பு ஆகிய எல்லாமே நீக்கப்பட்டு, புள்ளியும் கீறலுமாக, இடையிடையே அறுந்துபோகும் ஒளிப்பதிவு மட்டும் காட்டப்படுகிறது. ‘இவை உண்மையான பதிவுகள்’ என்ற எழுத்து தொடக்கத்தில் வருகிறது. பெரியவர்கள் இதை ஓர் உத்தி என்று எடுத்துக்கொள்வோம். திரையில் எழுத்தாக வருவது பொய்யாகவும் இருக்கலாம் என்பதை இன்னும் கற்றுக்கொள்ளாத பிள்ளை அதைச் செய்தியாக எடுத்துக்கொள்ளும். இதே கதையை, இதே உயிரினங்களோடு, வழக்கமான பாணியில் எடுத்திருந்தால் அனுமதிக்கும் வயதை ஓரிரு ஆண்டுகள் குறைத்தே சொல்லியிருப்பேன்.

அப்படியானால் எந்த வயதில் பார்க்கலாம்?

என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். 12 வயது முடியாத பிள்ளைகளுக்கு வேண்டாம். 13, 14 வயதினர் பெற்றோரில் ஒருவரோடு, பகல் நேரத்தில், இடையில் நிறுத்திப் பேசும் உரிமையோடு பார்க்கலாம். 15 வயதுக்கு மேல், திகில் படங்கள் பழக்கமான பிள்ளைக்குப் பெரிய இடர் இல்லை.

எண்களை இப்படிப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் தோற்றத்தைக் கண்டே அஞ்சுகிறார்கள். முகம் விகாரமாக இருந்தால் அது நல்லவருடைய முகம் என்று விளக்கினாலும் பயம் போகாது. எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்குத் தோற்றத்தைவிட ‘இது எனக்கும் நடக்குமா’ என்ற எண்ணமே பெரிதாகிறது: நோய், காயம், பெற்றோரைப் பிரிதல், மூச்சுமுட்டல். இந்தப் படம் அச்சுறுத்துவது முழுக்க இரண்டாவது வழியில்தான். ஆகவே ‘பேய் பூதம் எதுவும் அதிகம் வரவில்லையே, பத்து வயதுப் பையன் பார்த்தால் என்ன’ என்று கேட்பவர்கள், அந்த வயதின் அச்சம் எங்கே குடியிருக்கிறது என்பதைத் தவறாகக் கணிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

ஓடிடி தளத்தின் பட்டியலில் ‘13+’ என்று போட்டிருக்கிறது. அது போதாதா?

போதாது. அமெரிக்காவில் இந்தப் படத்துக்குக் கிடைத்த சான்று பிஜி-13. 1984இல் உருவாக்கப்பட்ட அந்த வகைக்குப் பொருள், சில பகுதிகள் 13 வயதுக்கு உட்பட்டோருக்குப் பொருந்தாமல் இருக்கலாம், பெற்றோர் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும் என்பதே. பதின்மூன்று நிறைந்த எல்லோருக்கும் ஏற்றது என்று அது உறுதி கூறவில்லை.

நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், திரையரங்குப் படங்களுக்கான யு/ஏ சான்று 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஓடிடி தளங்களுக்கு 2021ஆம் ஆண்டு விதிகளிலேயே இதே பிரிவுகள் வந்துவிட்டன. அவ்விதிகளின்படி 13+ முதல் மேலுள்ள வகைகளுக்குப் பெற்றோர் பூட்டு வசதியைத் தளங்கள் தர வேண்டும். அந்தப் பூட்டை நம் வீடுகளில் போட்டு வைப்பவர்கள் மிகக் குறைவு என்பதைப் பெற்றோர் கூட்டங்களில் கைதூக்கச் சொல்லிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நான்கு இலக்க எண் ஒன்றை அமைப்பதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது. பிள்ளையின் பிறந்த ஆண்டை மட்டும் எண்ணாக வைக்காதீர்கள்.

வயதுச் சான்று என்பது இரத்தம், வசைச்சொல், பாலியல் காட்சி ஆகியவற்றை எண்ணிப் பார்ப்பதில் தேர்ந்தது. நம்பிக்கையே இல்லாத ஒரு முடிவு பிள்ளையின் மனத்தில் எத்தனை நாள் தங்கும் என்பதை அது அளந்து சொல்லாது.

இரத்தமும் கெட்ட வார்த்தைகளும் அதிகமா?

இரத்தக் காட்சிகள் குறைவு. ஆனால் வீரர் ஒருவரின் உடற்காயத்துக்குள்ளிருந்து கல் ஒன்றை எடுக்கும் காட்சியும், அவருடைய கண்கள் சிவந்து தோற்றம் மாறுவதும், இறந்த உடல் ஒன்றும் இருக்கின்றன. ஆங்கில வசைச்சொற்கள் உண்டு.

படம் பார்க்கும்போது மகளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. பயத்தாலா?

பயமாகவும் இருக்கலாம், கேமரா ஆட்டமாகவும் இருக்கலாம். இவ்வகைப் படங்களில் ஒளிப்பதிவுக் கருவியைக் கதாபாத்திரமே தூக்கிக்கொண்டு ஓடுவதாகக் காட்டுவதால், கண் ‘நகர்கிறேன்’ என்கிறது, உட்காதில் உள்ள சமநிலை உறுப்போ ‘அசையாமல் அமர்ந்திருக்கிறேன்’ என்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படும்போது குமட்டல் வருகிறது. பேச்சிப்பாறைக்கோ திற்பரப்புக்கோ போகும் வளைவுச் சாலையில் பேருந்தில் வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்கு இந்தப் படமும் ஒத்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகம்.

அறை விளக்கை எரியவிட்டு, திரையிலிருந்து தள்ளி அமர்ந்து, இடையிடையே சுவரையோ சன்னலையோ பார்க்கச் சொன்னால் பலருக்குத் தணிகிறது. தணியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். வலிப்பு நோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளையாக இருந்தால், ஒளி வெட்டி வெட்டி வரும் எந்தப் படத்தையும் மருத்துவரிடம் கேட்காமல் காட்ட வேண்டாம்.

உண்மையிலேயே அப்படி ஒரு பயணம் நடந்ததா? மகன் நடந்தது என்றே சாதிக்கிறான்.

நடக்கவில்லை. நாசாவும் இது கற்பனைப் படம், ஆவணப்படம் அல்ல என்று வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. ஆனால் ‘நாசா சொல்லிவிட்டது’ என்பதால் மட்டும் பதின்வயதுப் பிள்ளை அடங்காது. மறைப்பவர்களே அப்படித்தானே சொல்வார்கள் என்று திருப்பிக் கேட்கும். ஆகையால் கீழே உள்ளவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசிப் பாருங்கள்.

அமெரிக்காவின் அப்போலோ திட்டத்தில் மனிதர்கள் நிலவில் இறங்கியது ஆறு முறை. நடந்தவர்கள் பன்னிரண்டு பேர். கடைசிப் பயணமான அப்போலோ 17 நடந்தது 1972 டிசம்பரில். அதற்குப் பிறகு 18, 19, 20 என்று திட்டமிடப்பட்டிருந்த பயணங்கள் 1970ஆம் ஆண்டிலேயே நிதிக் குறைப்பால் கைவிடப்பட்டன. நிலவுப் பயணங்களுக்கான சாட்டர்ன்-5 ராக்கெட்டுகளில் எஞ்சியவற்றுள் ஒன்று 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தை ஏவப் பயன்பட்டது. மிச்சப் பகுதிகள் இன்று அமெரிக்காவில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

அந்த ராக்கெட்டின் உயரம் 363 அடி. கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்த்து 133 அடி. இரண்டு சிலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தி, அதற்கு மேல் இன்னொரு சிலையில் முக்கால்பாகத்தைச் சற்றே குறைத்து வைத்தால் வரும் உயரம் அது. அவ்வளவு பெரிய ஒன்று கடற்கரையிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போனதை உலகில் ஒருவரும் பார்க்கவில்லை என்றால் நம்ப முடியுமா என்று கேளுங்கள். வகுப்பில் நான் இந்த ஒப்பீட்டைச் சொன்னபோது, சிலையைப் படகில் போய் அருகில் நின்று பார்த்த பிள்ளைகள் அமைதியாகிவிட்டார்கள்.

நிலவுக் கற்களைப் பொறுத்தவரை, ஆறு பயணங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 382 கிலோ கல்லும் மண்ணும் பூமிக்குக் கொண்டுவரப்பட்டு, பல நாடுகளின் ஆய்வாளர்களால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆராயப்பட்டு வருகின்றன. எவற்றிலும் உயிர் இல்லை. தொற்று பற்றிய அச்சம் தொடக்கத்தில் விஞ்ஞானிகளுக்கும் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: முதலில் சென்று திரும்பியவர்கள் மூன்று வாரம் தனிமைப்படுத்தப்பட்டார்கள், ஆபத்து இல்லை என்று தெரிந்தபின் அப்போலோ 14க்குப் பிறகு அந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. உண்மையான ஓர் அச்சம் எப்படிச் சோதித்து நீக்கப்பட்டது என்ற இந்த வரலாறு, படத்தின் கதையைவிடச் சுவையானது என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இவை எல்லாவற்றையும்விட வலுவானது. “சார், யாருமே திரும்பி வரல்லேன்னா, அந்தப் படச்சுருளை யாரு எடுத்துட்டு வந்தா?” என்றாள். அந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இல்லை. உங்கள் மகனிடம் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

பையன் விண்வெளித் துறையில் சேர ஆசைப்படுகிறான். இதைப் பார்த்து அந்த ஆசை போய்விடுமா?

போகாது என்றே நம்புகிறேன். மேல சரக்கல்விளையில் தமிழ்வழியில் படித்த கே. சிவன் இஸ்ரோவின் தலைவராக இருந்தார். 2025 ஜனவரி முதல் அப்பொறுப்பில் இருக்கும் வி. நாராயணனும் நம் மாவட்டத்து மேலகாட்டுவிளைக்காரர். மாவட்ட எல்லைக்கு அப்பால் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. இவ்வளவு அருகில் உண்மை இருக்கும்போது ஒரு திகில் படம் ஆசையை அழித்துவிடாது. நாடுகள் விண்வெளி வீரர்களைக் கைவிட்டுவிடும் என்ற தவறான படிமம் மட்டும் தங்கிவிடக்கூடும். அதற்கு மாற்றாக, 1970இல் வழியிலேயே வெடிப்புக்குள்ளான அப்போலோ 13இன் மூன்று வீரர்களையும் தரையிலிருந்தவர்கள் இரவுபகலாகப் பாடுபட்டு உயிரோடு மீட்ட வரலாற்றைச் சொல்லுங்கள்.

என் கணவர் ஆழ்கடலுக்குப் போகிறவர். பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கலாமா?

தூத்தூர்ப் பக்கத்துத் தாய் ஒருவர் கேட்ட இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கத்தையே எழுத வைத்தது.

நான் முதலில் வயதை மட்டுமே கணக்கிட்டு, பதினான்கு வயது ஆகிவிட்டதே, பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி பார்த்தபோது என் விடை தவறு என்று புரிந்தது. இந்தப் படத்தில் மிக நீண்ட நேரம் காட்டப்படுவது எது? இரைச்சலுக்கு நடுவே அறுந்து அறுந்து வரும் வயர்லெஸ் குரல். பதில் வராத அழைப்பு. ‘மீட்க வருவோம்’ என்று சொல்லிவிட்டு வராமல் போகும் அதிகாரிகள். குடும்பத்துக்குச் சொல்லப்படும் பொய்யான மரணச் செய்தி. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் சிக்கிய மீனவர்கள் பலர் திரும்பாமலும், உடல்கூடக் கிடைக்காமலும் போன ஊர்களில், இது விண்வெளிக் கதையாகப் போய்ச் சேராது. அப்போது கைக்குழந்தைகளாக இருந்தவர்கள்கூட அந்த நாட்களை வீட்டில் கேட்டே வளர்ந்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் அப்பா கடலில் இருக்கும்போது, திரையில் ஒருவர் பதில் வராத கருவியை நோக்கிக் கத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கும் பிள்ளையின் மனத்தில் எந்த முகம் தோன்றும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தாயிடம் மறுபடி போய், அப்பா கடலில் இருக்கும் நாட்களில் வேண்டாம், அவர் கரைக்கு வந்து வீட்டில் இருக்கும்போது, பிள்ளை தானே கேட்டால் மட்டும், அவரோடு சேர்ந்து பார்க்கட்டும் என்று சொன்னேன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தந்தையோ, அண்மையில் இறப்பு நேர்ந்த வீடோ, மருத்துவமனையில் நெருங்கிய உறவினரோ இருந்தாலும் இதையே சொல்வேன். பிள்ளையின் வயதைக் கேட்பதற்கு முன் அந்த வீட்டில் இப்போது யார் இல்லை என்று கேட்க வேண்டும்.

அண்ணன் பார்க்கும்போது தம்பி அதே அறையில் விளையாடிக்கொண்டிருக்கலாமா?

கூடாது. கதை புரியாமல் அலறலையும் மூச்சிரைப்பையும் மட்டும் கேட்கும் சிறு பிள்ளைக்கு, முழுதாகப் பார்ப்பதைவிட அது மோசமாக இருக்கலாம்.

கைப்பேசியில் ஹெட்ஃபோன் போட்டுப் பார்ப்பது நல்லதா, தொலைக்காட்சியிலா?

தொலைக்காட்சியில், கூடத்தில். இவ்வகைப் படங்கள் நீண்ட அமைதிக்குப் பின் திடீர் ஓசையை எழுப்பி உடலைத் துள்ளச் செய்பவை. ஹெட்ஃபோனில் அந்த ஓசை காதுக்குள்ளேயே வெடிக்கிறது. போர்வைக்குள் தனியாகப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நாமும் பார்க்க முடியாது.

இதே வகையில் வேறு படம் கேட்டால் எப்படி முடிவு செய்வது?

ட்ரெய்லரை நம்ப வேண்டாம். முழுப்படத்தையும் பார்க்க நேரம் இல்லையென்றால் முதல் பத்து நிமிடத்தையும் கடைசி இருபது நிமிடத்தையும் நீங்கள் முதலில் பாருங்கள். தொடக்கத்தில் ‘இது உண்மை’ என்று எவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறது, இறுதியில் ஒருவராவது பிழைக்கிறாரா, பிழைக்காவிட்டாலும் அந்த மரணத்துக்கு ஒரு பொருள் இருக்கிறதா என்ற மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும். கண்டெடுத்த பதிவு பாணியிலேயே எடுக்கப்பட்டாலும், வீரர்கள் அறிவைத் தேடித் தெரிந்தே உயிரைக் கொடுப்பதாக முடியும் படங்கள் உண்டு. அவை துயரமானவை, ஆனாலும் பதின்வயதினருக்குப் பார்க்கத் தகுந்தவை. ஏமாற்றப்பட்டும் கைவிடப்பட்டும் வீணாகச் சாவதாக முடிபவற்றைச் சற்றுத் தள்ளி வைக்கலாம்.

ஏற்கெனவே பார்த்துவிட்டாள். மூன்று நாளாகத் தனியே தூங்க மறுக்கிறாள். என்ன செய்வது?

திட்டாதீர்கள், ‘இவ்வளவு பெரிய பிள்ளை இதற்கா பயப்படுவது’ என்று உறவினர் முன்னால் சொல்லாதீர்கள். சிறு பிள்ளையாக இருந்தால் விளக்கம் உதவாது. பக்கத்தில் படுத்துக்கொள்வதும், விளக்கை எரியவிடுவதும், கையைப் பிடித்துக்கொள்வதுமே உதவும். பத்து வயதுக்கு மேற்பட்டவளானால், எந்தக் காட்சி நினைவுக்கு வருகிறது என்று பகலில் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருங்கள். அதன்பின், அந்தக் காட்சியை ஒரு படப்பிடிப்புத் தளத்தில் எப்படி எடுத்திருப்பார்கள் என்று சேர்ந்து யோசியுங்கள்: அந்தக் கல்லுக்குக் கால் முளைப்பதைக் கணினியில் வரைந்தவர் யார், கேமராவை ஆட்டியவர் எங்கே நின்றார், ‘கட்’ சொன்னதும் நடிகர் எழுந்து தேநீர் குடித்திருப்பாரா? படம் மறைத்து வைத்த ‘இது கதை’ என்ற சட்டகத்தை இப்படித்தான் நாம் திரும்பப் பொருத்த முடியும்.

பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணிந்துவிடும். மூன்று நான்கு வாரம் கடந்தும் தூக்கம், உணவு, பள்ளி ஆகியவை பாதிக்கப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம். 14416 என்ற அரசு மனநல ஆலோசனை எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். அழைக்கும்போது பிள்ளையின் வயதையும், பார்த்த படத்தின் பெயரையும், அன்று அவளோடு வீட்டில் யார் இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.